ஒரு நட்டு மட்டும் வரவில்லை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பெரும்பாலோர் அவரை ஏதோ ஒரு விதத்தில் அறிந்தவர்கள். உங்கள் வண்டியை அவர் ஒருநாள் பார்த்திருப்பார். அல்லது உங்கள் கிணற்று மோட்டாரில் துருவேறிக் கிடந்த போல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போயிருப்பார். அந்த உரிமையில்தான் அவரைப் பற்றி உங்களிடம் பேசுகிறேன்.

நான் அவருடைய ஒரே தங்கை. கடத்தூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மலருக்கு ஆறுதலாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். பலமுறை உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. எனக்கே கிடைக்காத ஆறுதலை உங்களுக்கு எங்கிருந்து எடுத்துத் தருவேன்? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பென்னாகரம் பக்கத்து மேட்டுக்காட்டில் ஒரு சிறிய விவசாயக் குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். மழை பெய்தால் கேழ்வரகும் நிலக்கடலையும். பெய்யாவிட்டால் அப்பா கல் உடைக்கப் போவார். அப்படிப் போன இடத்தில்தான் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் அப்போது எட்டாம் வகுப்பு. அடக்கம் முடிந்த மறுவாரமே பள்ளிக்கூடப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, தருமபுரியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எங்கள் ஆத்தா அழுதபோது, “ரெண்டு பேருல ஒருத்தராச்சும் படிக்கட்டும்மா” என்றாராம். அந்த ஒருத்தர் நான்.

பட்டறையில் அவர் எல்லா வேலையும் கற்றார். ஆனால் பேர் வாங்கியது சிக்கிக்கொண்ட நட்டுகளைக் கழற்றுவதில். பழைய எஞ்சின்களில் நட்டும் போல்ட்டும் சூட்டிலும் துருவிலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஒரே இரும்பு போல ஆகிவிடும். பலம் கொடுத்துத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிப்போகும், இல்லாவிட்டால் போல்ட்டே பாதியில் முறிந்துவிடும். முறிந்துவிட்டால் வேலை பத்து மடங்கு. அண்ணன் பலம் கொடுக்க மாட்டார். டீசலையும் பிரேக் ஆயிலையும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஊறப்போடுவார். சிறிய சுத்தியலால் நட்டின் தலையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பார். கழற்றுவதற்கு முன்னால் ஒரு மயிரிழை முடுக்குவார். துருவின் பிடி முதலில் அந்தப் பக்கம் விட்டால்தான் இந்தப் பக்கம் வரும் என்பார். எதற்கும் மசியாவிட்டால் நட்டைச் சூடாக்கி, அதன் மேல் மெழுகுவத்தியை வைப்பார். மெழுகு உருகி நட்டின் உள்சுற்று மரைக்குள் இறங்கிவிடும். அதற்காகக் கோயில் மாதா கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உபதேசியாரிடம் கேட்டு வாங்கி, ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்.

லாரிக்காரர்கள் அவசரப்படுவார்கள். “வெட்டி எடுத்துருங்க மேஸ்திரி, லோடு நிக்குது” என்பார்கள். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். “வெட்டுறதுக்கு நான் எதுக்குங்க? வரும், இருங்க” என்பார். வந்துவிடும்.

அண்ணியைக் கட்டிய பிறகு பென்னாகரத்தில் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்தார். தருமபுரியில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் பல வருடம் ஓடாமல் நின்ற வெள்ளை அம்பாசிடரை வாங்கிவந்து, எஞ்சினை முழுவதும் பிரித்து, திரும்பப் பூட்டி ஓட வைத்தார். எங்கள் சொந்தத்தில் அந்தக் காலத்தில் கல்யாணம் ஆன பெண்கள் பலர் அந்த வண்டியில்தான் கோயிலுக்கு வந்து இறங்கினார்கள். நீங்களும் அதில் போயிருக்கலாம். அண்ணன் ஓட்டுவார், அண்ணி பின் சீட்டில் உட்காருவார், அவர்களுடைய ஒரே மகள் ஸ்டெல்லா முன்னால். “ஏங்க, மெதுவா” என்று அண்ணி சொல்லிக்கொண்டே வருவார். “வேகமா போப்பா” என்பாள் ஸ்டெல்லா.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் அண்ணனைச் சொல்ல முடியாது.

ஸ்டெல்லா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். வலி எடுத்து மருத்துவமனையில் சேர்த்த பிறகு, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, சேலத்துக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லி ஆள் ஓடியபோது அண்ணன், “எதுக்கு காத்துக்கிட்டு? நம்ம வண்டியிலயே போயிடலாம்” என்றார். அந்த வண்டி அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. தான் பூட்டிய எஞ்சின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

தொப்பூர் கணவாய் வருவதற்கு முன்னால் ரேடியேட்டரின் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. பழைய குழாய். அந்த வாரம்தான் மாற்றுவதாக இருந்தார். நிறுத்தினால் மகள், நிறுத்தாவிட்டால் எஞ்சின். நிறுத்தாமல் ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் கொதித்து, அதன் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய், வண்டி புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அந்த வழியாகப் போன ஒரு லாரிக்காரர் நிறுத்தி, ஸ்டெல்லாவைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. முன்னாலேயே வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையை நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். அண்ணன் பிடித்துக்கொள்ளவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டார். அத்தோடு சரி. அதற்குப் பிறகு எந்த வண்டியின் எஞ்சினையும் அவர் திறக்கவில்லை. பட்டறையை, தன்னிடம் வேலை கற்றுப் பெரியவனாகியிருந்த மாதேஷிடம் கொடுத்துவிட்டு, கிணற்று மோட்டார், கைப்பம்பு என்று ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார்.

அண்ணி அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். சொல்லவில்லையே தவிர, அந்தக் கொட்டகைப் பக்கமே அண்ணி போகமாட்டார். ஆட்டுக்குத் தழை போடுவதற்குக்கூட வீட்டை முழுவதும் சுற்றிக்கொண்டு போவார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் சோறு வேணுமா, விளக்கைப் போடவா என்கிற அளவில் பேசிக்கொண்டு வாழ்ந்தார்கள். மருமகனை மட்டும் அண்ணனே கட்டாயப்படுத்தி வேறு கல்யாணம் செய்து வைத்தார். முன் வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதமும் செய்துவிட்டு வந்தார். வந்து படுத்தவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்றார். காய்ச்சல் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

வருடங்கள் இப்படிப் போயின. பிறகு அண்ணிக்கு மறதி வந்தது. முதலில் குழம்பில் இரண்டு முறை உப்பு. பிறகு கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. தருமபுரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இது மூளையில் வரும் நோய், இனிக் கூடிக்கொண்டுதான் போகும், இதற்கு மருந்து இல்லை என்றார். கடைசியில் நடந்தது முதலில் மறந்துபோகும், பழையது கொஞ்ச நாள் நிற்கும் என்றும் சொன்னார்.

ஒருநாள் காலை அண்ணியைக் காணவில்லை. அண்ணன் தெருவெல்லாம் தேடிவிட்டுத் திரும்பிவந்து பின்பக்கம் போனார். தார்ப்பாய் பாதி விலகிக் கிடந்தது. எத்தனையோ வருடமாக அந்தக் கொட்டகையின் நிழலைக்கூட மிதிக்காத அண்ணி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, மடியில் வயர் கூடையை வைத்துக்கொண்டு, பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கங்க போனீங்க? கெளம்பலாம் வாங்க. ஸ்டெல்லா காத்துக்கிட்டு இருப்பா” என்றார்.

அண்ணன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையைச் சொன்னார். அண்ணி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். அவருக்கு அது அன்றைக்குத்தான் நடந்தது. தலையில் அடித்துக்கொண்டு, எப்போ, எப்படி, ஏன் என்கிட்ட சொல்லல என்று கேட்டுக் கேட்டு அழுது ஓய்ந்து தூங்கினார். மறுநாள் காலை எழுந்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, கூடையோடு போய் வண்டியில் உட்கார்ந்தார்.

மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே அழுகை. அதற்கடுத்த முறையும் சொல்லிப் பார்த்தார். எனக்குப் போன் செய்து, “பாப்பா, அவ ஒவ்வொரு நாளும் புதுசா பறிகொடுத்தவளா அழுவுறா. என்னால ஒவ்வொரு நாளும் புள்ளைய அடக்கம் பண்ண முடியல” என்றார். அண்ணன் என்னிடம் அழுதது அது ஒருமுறைதான். நான் மறுநாளே துணிமணியை எடுத்துக்கொண்டு பென்னாகரம் வந்துவிட்டேன்.

நான் வந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அண்ணி கொட்டகைக்குள் உட்கார்ந்து, “கெளம்பலையாங்க?” என்றார்.

“வண்டி ரிப்பேரும்மா.”

“என்னா ரிப்பேரு?”

“கேஸ்கட் போயிடுச்சி. மாத்தணும்னா ஹெட்ட கழட்டணும். நட்டெல்லாம் துருப்புடிச்சி சிக்கிக்கிச்சி.”

அண்ணி சிரித்தார். “நீங்க கழட்டாத நட்டாங்க? கழட்டுங்க, நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு என்ன செய்வது? அண்ணி பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் போய்ப் பழைய ஸ்பேனர் பெட்டியைத் தேடி எடுத்துவந்தார். பானட்டைத் திறந்தார். மகளை ஏற்றிக்கொண்டு போன அன்று நின்ற எஞ்சின், அப்படியே, வெடித்த குழாயோடு இருந்தது. கையை அதன் மேல் வைத்தவர் சற்று நேரம் எடுக்கவேயில்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து அது அந்த வீட்டின் அன்றாட வேலை ஆயிற்று. காலையில் கஞ்சி குடித்ததும் அண்ணி போய்ப் பின் சீட்டில் உட்காருவார். அண்ணன் எஞ்சின் மேல் குனிவார். அந்த வண்டியில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகள், உள்ளே இறங்கியிருக்கும் நீண்ட கம்பிகளின் தலையில் முடுக்கியவை. அவற்றுக்கு ஸ்டட் என்று பெயர். கொதித்த தண்ணீரும் ஆவியும் பட்டு, பிறகு வருடக்கணக்கில் மழைக்கால ஈரமும் பட்டு, நட்டும் ஸ்டட்டும் ஒன்றாகிப் போயிருந்தன. டீசல் விட்டு ஊறவைத்தார். தட்டினார். நாட்கள் போயின, ஒன்றும் அசையவில்லை. மாதேஷ் தன் பட்டறையிலிருந்து சூடாக்கும் கேஸ் விளக்கை எடுத்துவந்து உதவினார். கெபி மெழுகுவத்தித் துண்டுகள் மறுபடியும் வீட்டுக்கு வந்தன. சூடான இரும்பில் மெழுகு உருகும் வாசம் வந்தால், “யாருக்குப் பூசைங்க?” என்று அண்ணி உள்ளேயிருந்து கேட்பார்.

முதல் நட்டு வந்த அன்று அண்ணன் அதைத் துடைத்து அண்ணியிடம் காட்டினார்.

“வந்துடுச்சா! அப்ப நாளைக்கு போலாமா?”

“இன்னும் இருக்கும்மா.”

“சரி, இருக்கட்டும். பொறுமையா பாருங்க. முறிஞ்சிடப் போவுது.”

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த நாட்களில்தான் அந்த இரண்டு பேரும் மனிதர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள். அண்ணி ஸ்டெல்லாவின் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லுவார். அண்ணன் ஸ்பேனரைப் பிடித்தபடி “ஆமாம்மா”, “ஆமாம்மா” என்பார். சில நேரம் அண்ணி அவரை யாரென்று தெரியாமல், “மேஸ்திரி, எங்க வூட்டுக்காரரு வந்தா சொல்லுங்க” என்பார். அதற்கும் “சரிம்மா” என்பார்.

ஆனால் ஒவ்வொரு நட்டும் கழலக் கழல அண்ணன் முகம் கறுத்துக்கொண்டே போனது எனக்குப் புரியவில்லை. ஒரு ஸ்டட் முறிந்தபோது, முன்பெல்லாம் என்றால் அன்றைக்குச் சாப்பிடமாட்டார். இப்போது ஒரு பெருமூச்சு விட்டார். அந்த முறிந்த ஸ்டட்டைக் குடைந்து எடுப்பதற்கு எத்தனை நாள் வேண்டுமோ அதற்கு மேலேயே எடுத்துக்கொண்டார்.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு வந்த ஓர் உறவினர் (யாரென்று எழுதவில்லை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்) அண்ணியின் கையைப் பிடித்து, “உம் பொண்ணு இருந்திருந்தா இன்னிக்கி உன்ன தாங்கியிருப்பா” என்று கண்ணீர் விட்டார். அண்ணி, “இருந்திருந்தாவா?” என்றார். அவ்வளவுதான். திருவிழாச் சாப்பாட்டுப் பந்தியின் நடுவில் அந்தக் கத்தல் மறுபடியும் எழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அண்ணி வாயில் தண்ணீர்கூட இறங்கவில்லை. அண்ணன் யாரையும் கடிந்து பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்று எல்லோர் முன்னாலும், “எங்க வூட்டுல இனிமே யாரும் எம் பொண்ணப் பத்திப் பேசக் கூடாது. கும்பிட்டுக் கேக்கறேன்” என்றார். கும்பிடவும் செய்தார். அதற்குப் பிறகு ஸ்டெல்லாவுக்கான வருடப் பூசையைக்கூட, அண்ணி வராத ஒரு வாரநாளில், பெயரை மெதுவாகச் சொல்லி வைக்கும்படி பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டார்.

கடைசி நட்டு, எஞ்சினின் பின்மூலையில், கை சரியாகப் போகாத இடத்தில் இருந்தது. அதற்குத்தான் அதிக நாள் ஆனது. மாதேஷே கைவிட்டுவிட்டார். “வராது மேஸ்திரி, இத வெட்டித்தான் எடுக்கணும்” என்றார். “இருக்கட்டும்டா, நான் பாத்துக்கறேன்” என்று அண்ணன் அவரை அனுப்பிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அண்ணி சீட்டில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். அண்ணன் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அழுத்திக்கொண்டிருந்தார். “டக்” என்று ஒரு சத்தம். மரை பிடி விடும் சத்தம். சின்ன வயதிலிருந்து கேட்ட எனக்கே அது தெரியும். ஸ்பேனர் சுற்ற ஆரம்பித்தது. நட்டு மேலே ஏறி வந்தது. “வந்துடுச்சிண்ணா!” என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் திரும்பி, வண்டியின் பக்கக் கண்ணாடி வழியாகத் தூங்கும் அண்ணியைப் பார்த்தார். பிறகு நட்டை மறுபடியும் கீழே இறக்கினார். ஸ்பேனரை வைத்து முடுக்கினார். முழுப் பலத்தையும் கொடுத்து முடுக்கினார். வாழ்நாளில் எந்த நட்டையும் அவர் அப்படி முடுக்கி நான் பார்த்ததில்லை.

“ஏண்ணா?”

“கத்தாத.” டீ டம்ளரை வாங்கினார். “ஹேண்டில் போட்டுப் பாத்தேன் பாப்பா. எஞ்சினு நல்லா சுத்துது. ஹெட்ட தூக்கி புது கேஸ்கட் போட்டா வண்டி ஓடும்.”

“அப்புறம் என்னண்ணா?”

“ஓடுச்சின்னா எங்க கூட்டிட்டுப் போறது? நீயே சொல்லு. கல்லறைக்கா?”

கீழே கிடந்த மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டேன்.

“அன்னிக்கி போக வேண்டிய எடம் இருந்துச்சி, வண்டி போயி சேரல. இன்னிக்கி வண்டி போவும், போறதுக்கு எடம் இல்ல” என்றார். டீயைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அந்த நேரம் அண்ணி கண் விழித்து, “என்னாங்க ஆச்சி?” என்றார்.

“ஒண்ணுமில்லம்மா. ஒரு நட்டு மட்டும் வரல.”

“வரும்ங்க. உங்க கைக்கு வராம எங்க போவும்” என்றார் அண்ணி.

பொய் வேலை செய்யத் தெரியாத மனிதர், அதற்குப் பிறகு தினமும் பொய் வேலை செய்தார். கழலக்கூடிய நட்டின் மேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, கழற்றாமல், வியர்க்க வியர்க்க நின்றார். உண்மையான வேலை செய்தபோது வராத களைப்பு அதில் வந்தது. கோயிலுக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்காருவார், நற்கருணை வாங்க எழுந்திருக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். “ஆண்டவருகிட்ட என்னான்னு கேக்கறது? அவளுக்கு ஞாபகம் வரணும்னு கேக்கறதா, வரக்கூடாதுன்னு கேக்கறதா?” என்றார். சாமியாரிடம் பேசச் சொன்னேன். பேசினார். பேசிவிட்டு வந்த பிறகும் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தார்.

உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. நெஞ்சு வலிப்பதை எங்களிடம் மறைத்திருக்கிறார். ஒருநாள் மறைக்க முடியாமல் போனபோது ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்கியபடியே கேட்டார்:

“அவ எங்க?”

“வண்டியிலதாண்ணா. பக்கத்து வூட்டுல பாத்துக்கறாங்க.”

“மத்தியான வெயிலு அந்தப் பக்கம் அடிக்கும். கதவ சாத்தாம வுடச் சொல்லு. புழுங்கும்.”

“சரிண்ணா.”

“நான் போனா அவகிட்ட சொல்லாத.”

“அப்படியெல்லாம் பேசாதண்ணா.”

“சொல்லாத பாப்பா. அவளுக்கு ஒரு சாவே தெனமும் சாவுதான். ரெண்டாவது வேணாம்.”

சொல்லமாட்டேன் என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அண்ணன் போய்விட்டார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அண்ணியை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மாலைகளுக்கு நடுவில் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். “யாரு இவரு, பாவம்? நம்ம சொந்தமா?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் அண்ணி என்றேன். சிலுவை போட்டுக்கொண்டார். “கையப் பாரு, எவ்ளோ கறுப்பு. ஒழச்ச கை” என்றார். பிறகு, “அவரு எங்க? வந்தா நான் வண்டியில இருக்கேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். எங்கள் அண்ணனை நாங்கள் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அவர் மனைவி அவருக்காக வண்டியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

இதில் ஏதாவது நன்மை இருக்கிறதா என்று ஒரு வருடமாகத் தேடுகிறேன். இல்லை. நல்ல மனிதர் ஒருவர் உழைத்தார், அன்பு வைத்தார், எல்லாவற்றையும் இழந்தார், இழந்ததை ஆற அமர நினைத்து அழுவதற்கும் வழியில்லாமல் போனார். இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொப்பூர் பக்கம் அன்று லாரியை நிறுத்தி ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்ட, பேர்கூடத் தெரியாத அந்த டிரைவருக்கு. அவரை அண்ணன் கடைசிவரை ஜெபத்தில் நினைத்தார். அண்ணனைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும். எங்கள் வீட்டு ரகசியத்தைத் தங்கள் ரகசியமாகக் காத்த பங்குத்தந்தைக்கும் உபதேசியாருக்கும். அழைக்காமலே வந்து குழி வெட்டிய தம்பிகளுக்கும், அன்று எல்லோருக்கும் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும். மாதேஷுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தன் பட்டறையைத் திறப்பதற்கு முன் இன்னும் பல நாள் காலையில் அவர் வருகிறார். அண்ணி பார்க்கும்படி பானட்டைத் திறந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டுப் போகிறார்.

உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பூசை முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வரும்போது அண்ணியிடம் துக்கம் விசாரிக்காதீர்கள். அழாதீர்கள். அவரே உங்களிடம் அண்ணன் எங்கே என்று கேட்பார். கேஸ்கட் வாங்க தருமபுரி போயிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார் என்று சொல்லுங்கள். எல்லோரும் ஒன்றையே சொல்லுங்கள், மாற்றிச் சொன்னால் பயந்துபோகிறார். சில நாட்களில் அவருக்கு அண்ணன் முகம் சட்டென்று தெரிந்துவிடுகிறது. இந்த மலரின் அட்டையில் அந்த முகம் இருக்கிறது, கீழே மறைந்த நாளும் இருக்கிறது. அதனால் கோயில் வாசலிலேயே இதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள்.

துயரத்துடன்,
தங்கை